கிருகாலங்காரமும் அடைசலும்: ஒரு பரண் ஆராய்ச்சி

வீட்டை அலங்கரிக்க வேண்டும், ஆனால் அதில் அடைசல் சேரக் கூடாது என்னும் கொள்கையானது அண்மைக் காலத்தில் பட்டணங்களிலிருந்து புறப்பட்டு, திருச்சி நெடுஞ்சாலை வழியாகப் பெரம்பலூர் வரையில் வந்து, அங்கிருந்து குன்னம் மார்க்கமாக எங்கள் அத்தை வீட்டுத் திண்ணையை அடைந்து, அவ்விடத்திலேயே மூர்ச்சையாகி விழுந்துவிட்டது. பெங்களூரிலிருந்து வந்திருந்த அத்தையின் பேரன், ஒரு வருஷ காலம் கைபடாத பொருள் எதுவாயினும் அது வெளியேற்றத் தக்கதே என்று அக்கொள்கையை எடுத்துரைக்க, அத்தை வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடியே, "பொங்கப் பானையும் வருசத்துக்கு ஒருதரந்தாண்டா அடுப்புல ஏறுது. தூக்கிப் போட்டுடலாமா?" என்று ஒரு வினா எழுப்பினார். பேரனிடமிருந்து விடை வரவில்லை. இவ்விவாதம் அறிஞர் உலகில் உரிய கவனம் பெறாமற்போன குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

அலங்காரம் யாது, அடைசல் யாது என்பதில் இரு சாரார் உளர். அவ்விரு சாராரும் பெரும்பாலும் ஒரே வீட்டில் கணவனும் மனைவியுமாக வாழ்கிறார்கள். சாஸ்திர சம்மதமான இலக்கணம் பின்வருமாறு: "நம்ம வீட்டுல இருந்தா சோடனை, நாத்தனா வீட்டுல இருந்தா அடசல்" (அத்தை, நேர்மொழி).

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பிரதேசத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் மரபு. திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995-இல் பெரம்பலூர் தனிக்குடித்தனம் போயிற்று. 2001-இல் அதனின்றும் அரியலூர் பிரிந்தது. மறு வருஷமே இரண்டும் மீண்டும் கூட்டுக் குடும்பமாயின. 2007-இல் மறுபடியும் பாகப்பிரிவினை. பங்கு பிரித்ததில் சாத்தனூர்க் கல்மரம் பெரம்பலூருக்கும், கங்கைகொண்ட சோழபுரம் அரியலூருக்கும் வந்தன. பாகம் பிரிந்த குடும்பங்களில் வழக்கமாக நேர்வது போலவே, இரண்டையும் எடுத்து வேறிடத்தில் வைக்க ஒருவராலும் முடியவில்லை.

இந்த மண்ணே பொருளை எறிந்து பழகாத மண். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் குடியிருந்தது. காலி செய்து போகையில் அது தன் சாமான்களை எடுத்துச் செல்லவில்லை. அம்மோனைட் என்னும் சுருளோட்டுப் பிராணிகளும் கிளிஞ்சல்களும் வைத்தது வைத்தபடி கல்லாயின. பதினெட்டு மீட்டர் நீளமுள்ள சாத்தனூர் மரம், ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளாகப் படுத்த இடத்திலேயே படுத்திருக்க, 1940-இல் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் வந்துதான் அதை உலகுக்கு அறிவித்தார். அடைசலைப் பொடித்து மூட்டை கட்டி விற்கலாம் என்று கண்டுபிடித்த பெருமை அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளைச் சாரும். 2020-இல் குன்னத்தில் தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் அகப்பட, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. விஷயம் அறிந்தவர்கள் பார்த்துவிட்டு, அவை கடற்படிவுக் கல்லுருண்டைகளே என்றார்கள். அதே ஜாதிக் கல் ஒன்று அத்தை வீட்டுக் கொல்லைக் கதவுக்கு வெகு காலமாக முட்டுக் கொடுத்து வருகிறது. அதை முட்டை என்று அத்தை ஒரு நாளும் சொன்னதில்லை.

அடைசலின்றி அலங்கரிக்கும் கலையில் இப்பிரதேசத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. அவன் முதலாம் ராஜேந்திர சோழன். படையனுப்பிக் கங்கை நீரைக் கொணர்வித்தவன், அதை ஏரியில் விட்டுச் சோழகங்கம் என்று பேரிட்டான். நீராலான வெற்றித்தூண் என்று அதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு பாராட்டுகிறது. யாத்திரைப் பொருளை ஷோகேஸில் பூட்டாமல் ஏரியில் கொட்டிய மனிதன் அவனுக்கு முன்னும் பின்னும் இல்லை என்பது என் துணிபு. அத்தை காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைச் செம்போ, ஈயம் பற்றவைத்து அடைத்த வாயோடு முப்பது வருஷமாகப் பூஜை மாடத்தில் நிற்கிறது. உள்ளே நீர் இருக்கிறதா என்பதை ஆட்டிப் பார்த்தே அறிய வேண்டும், ஆட்ட அனுமதியில்லை. ஆயினும் அரசனையும் முற்றத் துறந்தவன் என்று கொள்வதற்கில்லை. அவன் கட்டிய கோயிலில் சாளுக்கியப் பாணியில் அமைந்த சூரிய பீடம் ஒன்று இருக்கிறது. போன இடத்திலிருந்து வெறுங்கையோடு திரும்புவது சக்கரவர்த்திகளுக்கும் கைகூடாத காரியம் போலும். அக்கோயிலின் மதிற்கல்லைப் பெயர்த்துக்கொண்டுபோய் 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். மேலே கண்ட இலக்கணத்தை வெள்ளைக்காரரும் அறிந்திருந்தார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி வகைப்பாடு. பிளாஸ்டிக் பூ வாடாது. ஆகையால் அதற்குச் சரித்திரமும் இல்லை. நாட்காட்டியின் ஆயுள் ஆணியின் ஆயுள். கல்யாணத் தாம்பூலப் பைகள் ஒன்றனுள் ஒன்றாய் அடங்கும். கடைசிப் பையைக் கண்டவர் இலர். அரும்பாவூர் மரச்சிற்பம் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. வாகை மரத்தில் நகக்கண் வரையில் தெரியச் செதுக்கிய அந்தப் பிள்ளையாரைத் தூசி அண்டாதிருக்க அத்தை ஜவுளிக்கடை பிளாஸ்டிக் உறைக்குள் இட்டு ரப்பர் பாண்டும் போட்டிருப்பதால், நாம் செய்யும் நமஸ்காரம் உறையளவிலேயே நின்றுவிடுகிறது.

இவையெல்லாம் முகவுரை. அடைசற் சாஸ்திரத்தின் உயிர்நிலை பரணில் இருக்கிறது. பரணின் உயிர்நிலை, பேர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்களில் இருக்கிறது. சோழர் சாசனங்களைக் காகிதம் ஒற்றிப் படியெடுத்த பெரியோர்கள், அதே சீமையில் அண்டா, குண்டான், தவலை, தூக்கு, சம்படம், தாம்பாளம் இவற்றின் விளிம்புகளில் புள்ளி புள்ளியாய் மின்னும் சாசனங்களை ஏறெடுத்தும் பாராதது, அவர்களுக்கு ஏணி பிடிக்க ஆளில்லாத குறையே ஆகலாம். கொடுத்தவர் பேர், கொண்டவர் பேர், விசேஷம், தேதி ஆகிய நான்கும் அமைந்தது முழுச்சாசனம், இவற்றுள் கொடுத்தவர் பேர் மட்டுமே எஞ்சினாலும் பாத்திரத்தை எறிதல் ஆகாது, ஏனெனில் என்றேனும் ஒரு நாள் அவர் வாசற்படி ஏறி, "நான் வச்ச தவல எங்க?" என்று கேட்பார் (அத்தை, அடுக்களைப் பிரசங்கம், பால் பொங்கும் தறுவாய்).

சென்ற தை மாதத்தில் நானே பரணேறி, டார்ச் வெளிச்சத்தில், பல்லி முட்டைகளுக்கு அப்பால் ஒரு தவலையைக் கண்டெடுத்தேன். அதன் கழுத்தில் மூன்று வரிகள்: 'ஸ்ரீ மதுரகாளி துணை', 'செ. கு.', '12-6'. முதல் வரி மெய்க்கீர்த்தி; சிறுவாச்சூர் அம்மனைக் குறிப்பது. அதிலுள்ள 'ணை' துதிக்கை தூக்கிய பழைய வடிவில் இருந்தது. எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றது 1978-இல் ஆதலின், தவலை அதற்கு முந்தியதே என்று நிச்சயித்து இறங்கலானேன். ஏணியின் இரண்டாம் படியில், பேர் வெட்டுகிறவர் அரசாணை வாசிப்பவரல்லர், கை பழகிய எழுத்தையே கடைசி வரையில் வெட்டுவார் என்ற எண்ணம் குறுக்கிட, மறுபடியும் ஏறினேன். 'எழுத்தமைதி கொண்டு இன்ன காலத்தது எனலாம்' என்று கல்வெட்டறிஞர் எழுதினால் அவர் கையில் வேறு சான்று இல்லை என்று பொருள்கொள்வது அன்றுமுதல் எனக்கு வழக்கமாயிற்று.

'செ. கு.' என்பதில் மூன்று கட்சிகள். ஆட்பெயரின் சுருக்கம் என்பார் ஒரு கட்சியார். செம்புக் குடம் என்பார் மற்றொரு கட்சியார். பொருள் செம்புமன்று, குடமுமன்று என்று தடை கிளப்பினால், ஆதியில் குடத்துக்கு ஏற்பட்ட வாசகம் பிற்காலத்தில் தவலைக்குப் பெயர்த்தெழுதப்பட்டது என்று சமாதானம் சொல்வர். இத்தகைய சமாதானங்களுக்கு டாக்டர் பட்டமே கிடைத்திருக்கிறது. சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன செட்டிகுளம் என்பது மூன்றாம் கட்சி (அத்தை, திண்ணை உரை, வெங்காயம் ஆய்ந்தபடி, கண்ணீருடன், இதனை மறுத்துக் கீழத்தெருச் சித்தி, பாடபேதம், 'செந்துறைக் குடும்பம்', இரண்டுக்கும் பொதுவாக மாமா, சாய்வு நாற்காலி வியாக்கியானம், தலையசைப்பு மட்டும், அது ஆமோதிப்போ உறக்கமோ என்பது தனி ஆய்வுக்குரியது).

'12-6' என்பதை ரூபாய் பன்னிரண்டு, அணா ஆறு என்று கொண்டால், தவலை நயா பைசா வந்த 1957-க்கும் முந்தியதாகும். ஜூன் 12 என்று கொண்டால் வருஷத்தை எங்கே தேடுவது? இது குறித்து நாற்பது பக்கம் எழுதி, அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். பதினோராம் பக்கத்தில் அவர் கையமர்த்தினார்.

"அது பாத்திர வாடகைக் கடை நம்பருடா. உங்க மாமா தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்தது. பன்னெண்டாவது கட்டுல ஆறாவது தவல. ஒண்ணு கொறையுதுன்னு அந்தச் செ.கு. வந்து நின்னப்ப, நாங்களும் அவரோட சேந்துதான் தேடுனோம்."

அந்தத் தம்பதிக்கு இப்பொழுது கல்யாண வயதில் பேத்தி இருக்கிறாள். தவலையை அத்தை புளி போட்டுத் துலக்கி, "ஒன் வீட்டு ஷோகேஸ்ல வச்சுக்க, அங்க வந்து யாரும் கேக்க மாட்டாங்க" என்று என் கையிலேயே கொடுத்துவிட்டார். வைத்திருக்கிறேன், எழுத்துள்ள பக்கம் சுவரைப் பார்க்கும்படியாக.