ஏழரை மூச்சுக் கோட்பாடு: முப்பது விநாடி டைமர் குறித்து ஓர் ஆய்வு

செல்பேசியில் முப்பது விநாடி டைமர் வைத்துவிட்டு ப்ளாங்க் போடும் குமராட்சி இளைஞர், அது அயல்நாட்டுச் சரக்கு என்றே நம்புகிறார். அந்த நம்பிக்கை ஆதாரமற்றது என்பது இவ்வாய்வின் கருதுகோள். சான்று தேடி அவர் தூரம் போக வேண்டாம்; சிதம்பரம் பஸ் ஏறினால் போதும்.

நடராசர் கோயில் பொற்கூரையில் 21,600 ஓடுகள். மனிதர் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு அது என்பது தில்லை மரபு. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. வகுத்துப் பார்த்தால் மூச்சுக்கு நான்கு விநாடி, மீதி இல்லை. பஞ்சாங்கமும் ஒத்துப்போகிறது: நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, விநாழிகைக்கு ஆறு மூச்சு. ஆக, ஒரு விநாழிகை 24 விநாடி.

இந்தக் கணக்கில் முப்பது விநாடி என்பது ஏழரை மூச்சு. ப்ளாங்கின் கடைசிக் கட்டத்தில் வயிறு ஏன் நடுங்குகிறது என்பதற்குத் தசையியலார் என்னென்னவோ காரணம் சொல்கிறார்கள். பிடித்திருப்பது ஏழரை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அமெரிக்கர்கள் கவனித்திருக்கிறார்கள். 1950 நவம்பரில் ஃபோர்ட் வேய்ன் கூடைப்பந்து அணி, பந்தைக் கையில் வைத்துக்கொண்டே காலம் கடத்தி, மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19–18 என்று வென்றது. பார்க்க வந்தவர்கள் நொந்துபோனார்கள். சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன் உட்கார்ந்து கணக்குப் போட்டார்: ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி; நல்ல ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து சுமார் 120 முறை கூடையை நோக்கி எறியும்; எனவே ஒரு வாய்ப்புக்கு 24 விநாடி. 1954-இல் அது விதியானது. பஞ்சாங்கம் புரட்டியவர்களுக்கு இங்கே புல்லரிக்க வேண்டும். 48 நிமிடம் என்பது இரண்டு நாழிகை, சரியாக ஒரு முகூர்த்தம். 24 விநாடி சுத்தமான விநாழிகை. பியாசோன் தில்லைக்கு வந்ததற்குச் சான்றில்லை. வராமல் இப்படிக் கணக்கு வருமா என்பதற்கும் விளக்கமில்லை. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமோ நெடுநாள் முப்பது விநாடியையே பிடித்துக்கொண்டிருந்தது. 2000-இல்தான் 24-க்கு மாறி, ஏழரையிலிருந்து விடுபட்டது.

எதிர்ச்சான்று ஒன்று உண்டு. ஜப்பானின் இசுமி தபாட்டா 1996-இல் வெளியிட்ட ஆய்வால் புகழ்பெற்ற பயிற்சியில் 20 விநாடி முழுவேகம், 10 விநாடி ஓய்வு, இப்படி எட்டுச் சுற்று. நான்கு நிமிடத்துக்குக் கூரை அனுமதிப்பது அறுபது மூச்சு. செய்பவர் இரைக்கிற இரைப்புக்கு ஓடுகள் நண்பகலுக்குள் தீர்ந்துவிடும்.

வகுப்பறையில் நிலைமை நேர்மாறு. கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார், கால் மூச்சு. மூன்று விநாடி பொறுத்தால் மாணவர்களின் பதில் நீள்கிறது, வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். அதுவும் முக்கால் மூச்சுதான்.

கபடிதான் கோட்பாட்டுக்குப் பெரிய தலைவலி. பாடிப் போகிறவர் ஒரே மூச்சில் போய்த் திரும்ப வேண்டும் என்பது பழைய சட்டம். டைமர் அவருடைய நுரையீரலுக்குள்ளேயே இருந்தது. 2014-இல் தொடங்கிய புரோ கபடியிலோ ரெய்டுக்கு 30 விநாடி. மறுபடியும் ஏழரை! ‘மூச்சு விட்டுட்டான்’ என்று நடுவரைச் சூழ்ந்துகொண்ட ஊர்க்காரர்கள் இப்போது ‘முப்பது ஆயிடுச்சு’ என்று சூழ்ந்துகொள்கிறார்கள்.