திகதி போடாத கடிதம்

வாரும் தம்பி, இரும். சங்கத் தேர்தலிலை தலைவருக்கு நிக்கப்போறீராம். "பலமான தலைமை வேணும்" எண்டு பல்லரோ சந்தை முழுக்கச் சொல்லித் திரியிறீராம். வெண்டிக்காய் பொறுக்கப் போன இடத்திலை என்ரை காதிலையும் விழுந்தது. நல்ல விசயம்.

அதுக்கு ஒரு கதை சொல்லுறன், கேளும். இந்தப் பலெர்மோவிலை 1941இலை பிறந்த மனிசன் ஒருத்தர் இருக்கிறார், செர்ஜோ மத்தரெல்லா. தமையன் பியர்சாந்தி சிசிலி மாகாணத் தலைவரா இருக்கேக்கை, 1980 ஜனவரி 6, இந்த ஊர்த் தெருவிலையே அவரை மாஃபியாக்காரர் சுட்டாங்கள். காருக்குள்ளை இருந்து தமையனைத் தூக்கின அந்தத் தம்பிதான் 2015இலை இருந்து இத்தாலி ஜனாதிபதி. ஆனால் சனம் வாக்குப் போட்டு வந்தவர் இல்லை. மந்திரிமாற்றை பேரைப் பிரதமராக வாறவர் எழுதிக்கொண்டு வருவார், இவர் கையெழுத்து வைப்பார். அவ்வளவுதான்.

வைக்காமலும் விடுவார், அதுதான் பகிடி. 2018 மே மாதம், பவோலோ சவோனா நிதி மந்திரியா வரக்கூடாது எண்டார். ஐந்து நட்சத்திர இயக்கத் தலைவர் லூயிஜி தி மாயோ, ஜனாதிபதியையே பதவியாலை இறக்கவேணும் எண்டு துள்ளினார். அஞ்சாம் நாள் அதே ஜனாதிபதிக்கு முன்னாலை வந்து நிண்டு மந்திரியாச் சத்தியம் செய்தார்! 2022இலை அதைவிடக் கூத்து. மனிசன் தவணை முடிஞ்சுதெண்டு பெட்டி கட்டிப்போட்டார். வாக்குப்போட 1009 பேர், ஏழு சுற்று, ஒரு பேரிலையும் கட்சியள் ஒத்துவரேல்லை. எட்டாவது சுற்றிலை 759 வாக்குப் போட்டு அவரையே திரும்ப இருத்திச்சினம். கட்சியள் பிடுங்குப்பட, சும்மா இருந்தவர் பெருத்தார்.

எங்கடை இலங்கை ஜனாதிபதியா இருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனா அப்பிடிச் சும்மா இருக்கிற ஆளோ? 1978இலை அவ்வளவு அதிகாரத்தையும் மடியிலை கட்டினார். அதுவும் காணாமல், தன்ரை கட்சி எம்.பி.மாரிட்டைத் திகதி போடாத ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கினார். பிறகென்ன கட்சி? லாச்சிக்குள்ளை கிடந்த கடுதாசிக் கட்டு. பிறகு வந்த ஜனாதிபதி சிறிசேன 2018 ஒக்டோபரிலை ஒரே இரவிலை பிரதமரை மாத்தி, பிறகு பாராளுமன்றத்தையும் கலைச்சார். கலைச்சது பிழையெண்டு டிசம்பரிலை உச்ச நீதிமன்றம்தான் சொல்லவேண்டி வந்தது.

உமக்குப் பலமான தலைமைதானே வேணும்? ஜே.ஆரைப் பாத்துச் செய்யும். செயற்குழுவிலை ஆரையும் விடாமல் ஒவ்வொரு கடிதம் வாங்கி வையும். பொருளாளர் முகத்தைச் சுழிச்சால் தேத்தண்ணி குடுத்து வாங்கும்.

என்ரை மகளிட்டை மட்டும் கேட்டிடாதையும் தம்பி. அவள் திகதியும் போட்டுத் தருவாள்.