டிசம்பர் மாதத்துப் படகுத்துறை

பெரம்பூரைப் படகில் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வரலாம். டிக்கெட் கிடையாது, முன்பதிவு கிடையாது. வங்கக் கடலில் ஒரு புயல் மட்டும் வேண்டும். அதுவும் வந்தோம், கரையைக் கடந்தோம் என்று போய்விடுகிற புயல் போதாது. சென்னைக்கு எதிரே வந்து நின்று, பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி எழுந்திருக்கவும் மனசில்லாமல் பதிலும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிற புயலாக வேண்டும். 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் அந்த ரகம்.

எங்கள் வீடு பேப்பர் மில்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில், தரைத்தளத்தில். தண்ணீர் முதலில் கேட்டைத் தாண்டியது. அப்புறம் ஸ்கூட்டர்களின் சீட்டைத் தாண்டியது. சமையலறைக்குள் வந்தபோது மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டு அக்காவிடம் அடைக்கலம் புகுந்தோம். வெள்ளத்தில் முதலில் காப்பாற்ற வேண்டியது எது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கருத்து உண்டு. எங்கள் வீட்டில் மிக்ஸி. பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கல்யாண ஆல்பம். அவருக்கும் அவர் மனைவிக்கும் நாற்பது வருஷமாக ஒத்துப்போனதில்லை என்பது தெரு அறிந்த விஷயம் என்பதால், அவர் காப்பாற்றியது ஆல்பத்தையா, சாட்சியத்தையா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது.

மறுநாள் படகு வந்தது. காசிமேட்டு ஃபைபர் படகு. மினி லாரியில் ஏறி வந்து மெயின் ரோட்டில் இறங்கி எங்கள் சந்துக்குள் திரும்பியது. கடலில் வஞ்சிரம் தேடிப் போகிற படகு, பெரம்பூர் சந்தில் ஹாரன் இல்லாமல் ரிவர்ஸ் எடுத்ததைப் பார்த்தேன். ஆட்டோக்காரர்களுக்கு அதில் பாடம் இருந்தது. ஓட்டி வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம்.

"நைனா, நடுவுல குந்து. ஓரத்துல குந்துனா போட்டு சாஞ்சிக்கும்."

நான் நடுவில் குந்தினேன். மனைவி, "ஏங்க, ரேஷன் கார்டு?" என்றாள். எடுத்திருந்தேன். "ஆதார்?" அதுவும். "பாஸ்புக்?" கூவிய கேள்விகளுக்கெல்லாம் நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் மாடி வீட்டு அக்கா ஒரு தூக்கு நிறைய தோசை மாவோடு இறங்கி வந்தார்.

"அக்கா, மாவு எதுக்கு?"

"கரண்ட் இல்ல தம்பி. விட்டுட்டுப் போனா புளிச்சிடும்."

படகில் மட்டும் புளிக்காதா என்று கேட்கிற இடத்தில் நான் இல்லை. இரண்டு நாளாக அவர் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாவுக்கு ஒரு இடம் ஒதுக்கப்பட்டது. அதனால் எதிர்வீட்டுக்காரர் என் பக்கத்தில் வர நேர்ந்தது. கார் நிறுத்தும் இடம் பற்றிய தகராறில் நாங்கள் பேசி வெகுகாலம். இப்போது முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தோம். தகராறுக்குரிய இடம் எங்களுக்கு நேர் கீழே மூன்றடி ஆழத்தில் இருந்தது.

படகு நகர்ந்தது. பையன் நல்ல வழிகாட்டி. "தலையக் குனி, கேபிள் ஒயரு." குனிந்தோம். "கைய உள்ள வை, காம்பவுண்டு கம்பி." வைத்தோம். அடியில் ஏதோ கரகரவென்று உரசியது. பின்னாலிருந்து ஒரு குரல்: "மெதுவாப்பா, அது என் ஆக்டிவா. இன்னும் இ.எம்.ஐ. முடியல." சந்து முனைப் பிள்ளையார் கழுத்தளவுத் தண்ணீரில் இருந்தார். படகில் இருந்த எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அவர் நிலைமை நம் நிலைமையைவிட மோசம் என்பதை யாரும் வெளியே சொல்லவில்லை. இரண்டாம் மாடிகளிலிருந்து எங்களை வீடியோ எடுத்தார்கள். ஒரு குழந்தை டாட்டா காட்டியது. வெள்ளத்தில் போகிறவனுக்கு டாட்டாவுக்குத் திரும்ப டாட்டா காட்டுவதா வேண்டாமா என்பதற்கு மரபு ஏதும் இல்லை. நான் காட்டினேன்.

மெயின் ரோட்டு மேட்டில் இறங்கினோம். காசு நீட்டினேன். "காசு கீசெல்லாம் வோணாம் நைனா, டீ வாங்கிக் குடு" என்றான். ஒரு டீக்கடையும் திறந்திருக்கவில்லை. அந்த டீ இன்னும் பாக்கி.

இது நடந்து கொஞ்ச காலத்தில் ஃபுகுவோகாவில் வேலை பார்க்கிற என் தங்கை மகன் ஒரு வீடியோ அனுப்பினான். "மாமா, உங்கள மாதிரி நாங்களும் போட்ல போனோம்!"

உங்கள மாதிரி என்றானே தவிர, மாதிரி எதுவும் இல்லை. அவன் போனது யனகாவா என்கிற பழைய கோட்டை ஊர். கோட்டையைச் சுற்றி வெட்டிய அகழிகளும் வாய்க்கால்களும் ஊரெல்லாம் ஓடுகின்றன. அந்த நாள் கணக்கில் மொத்தம் 470 கிலோமீட்டர் என்கிறார்கள். தட்டையான மரப்படகு. தொப்பி வைத்த படகோட்டி மூங்கில் கழியை ஊன்றி ஊன்றித் தள்ளுகிறார். தாழ்வான பாலம் வந்தால் அங்கேயும் தலை குனியச் சொல்கிறார், ஆனால் குனிந்து முடித்ததும் பாட்டுப் பாடுகிறார். குளிர்காலமென்றால் படகுக்கு நடுவே மேசை போட்டு, அதன் மேல் ரஜாய் போர்த்தி, அடியில் கணப்பு வைக்கிறார்கள். எல்லோரும் காலை உள்ளே நீட்டிக்கொண்டு மரங்களைப் பார்த்தபடி போகிறார்கள். இறங்கினதும் விலாங்கு மீனைச் சோற்றோடு ஆவியில் வேகவைத்து மரப்பெட்டியில் தருகிறார்கள். ஆளுக்கு இரண்டாயிரம் யென் ஆயிற்றாம், சாப்பாடு தனி.

வீடியோவை மனைவி இரண்டு முறை பார்த்தாள். "அங்க தண்ணி படகுக்குக் கீழ மட்டும் இருக்கு" என்றாள். விமர்சனம் அவ்வளவுதான்.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஏனென்றால் படகு விஷயத்தில் பெரம்பூர்க்காரன் ஜப்பானிடம் தோற்க வேண்டிய பரம்பரை இல்லை. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற பேசின் பிரிட்ஜில் படகுகள் வரிசை கட்டி நின்ற காலம் உண்டு. 1801-இல் பேசில் காக்ரேன் என்கிற வெள்ளைக்கார வியாபாரி மெட்ராஸிலிருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்ட ஆரம்பித்தார். வெட்டி முடித்துச் சுங்கமும் வசூலித்தார். நம்மூர் வெயிலில் சம்பாதித்த பணத்தோடு லண்டன் திரும்பியவர் அங்கே என்ன செய்தார் தெரியுமா? காசு வாங்கிக்கொண்டு ஆட்களை வியர்க்க வைக்கும் நீராவிக் குளியல் நடத்தினார். மெட்ராஸில் இலவசமாகக் கிடைத்த சரக்கை லண்டனில் விலைக்கு விற்ற முதல் ஏற்றுமதியாளர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அவர் வெட்டியது பிறகு வடக்கே பழவேற்காடு ஏரியைத் தாண்டி ஆந்திராவுக்குள் நீண்டது. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டைப் பசித்த ஜனங்கள் கூலிக்கு வெட்டினார்கள். பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்குப் போயிற்று. பெத்தகஞ்சாம் தொடங்கி மரக்காணம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர். இந்த வழியாகத்தான் உப்பு வந்தது, நெல் வந்தது, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சவுக்கு விறகு வந்தது. ஆமாம், அதே ஸ்ரீஹரிகோட்டாதான். ராக்கெட் விடுவதற்கு முன்னால் அந்தத் தீவு ஆகாயத்துக்கு அனுப்பியது புகை. அதையும் வடசென்னை அடுப்புகள் வழியாக அனுப்பியது. தெற்கே போனவர்களும் உண்டு. பாரதிதாசன் 1930-களில் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போய், "மாவலிபுரச் செலவு" எழுதினார். பாட்டு யனகாவாவில் மட்டும்தான் பிறக்கும் என்று எவரும் நினைக்க வேண்டாம்.

அப்புறம் ரயிலும் லாரியும் சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. 1960-களின் நடுவில் வந்த புயல்கள் கரையைச் சாய்த்தன. படகு போன இடத்துக்குச் சாக்கடை குடிவந்தது. தெற்குப் பக்கத்தில் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட இடம் தேடியவர்களுக்குக் கால்வாயே காலி மனையாகத் தெரிந்தது. இவ்வளவும் ஆன பிறகு, 2008-இல் இதைக் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான தேசிய நீர்வழி எண் 4-இல் சேர்த்தார்கள். இன்றைக்குப் பேசின் பிரிட்ஜ் பாலத்தில் நின்று பார்த்தால் அந்தத் தேசிய நீர்வழியில் தெர்மாகோல் பெட்டிகள் போய்க்கொண்டிருக்கும். சுங்கம் கிடையாது.

இதையெல்லாம் தங்கை மகனுக்கு வாய்ஸ் மெசேஜில் விரிவாக அனுப்பினேன். கடைசியில், "சுத்தமான ஊர்ல பொறந்தவங்களுக்கு என்னடா, பாட்டுப் பாடிட்டுப் போலாம்" என்று முடித்தேன். பையன் என்ஜினீயர். அனுதாபம் தராமல் தகவல் அனுப்பினான்.

யனகாவாவும் நாறிய ஊர்தானாம். குழாய்த் தண்ணீர் வந்ததும் வாய்க்காலை மறந்தார்கள். வாஷிங் மெஷின் நுரையையும் வீட்டுக் குப்பையையும் அதிலேயே விட்டார்கள். கொசு, நாற்றம், மழை வந்தால் தெருவில் தண்ணீர். நம் பெரம்பூர்க்காரர்களை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தால் ஊர் ஞாபகமே வந்திருக்காது. 1977-இல் நகராட்சி ஒரு முடிவுக்கு வந்தது: நடு ஊர் வாய்க்கால்களைக் கான்கிரீட் போட்டு மூடிவிடுவது. அந்த வேலையைச் செய்து முடிக்க வேண்டிய கழிவுநீர்ப் பிரிவின் தலைவர் ஹிரோமாட்சு என்கிற மனிதர். அவர் வேலையைச் செய்யாமல் மேயரிடம் போய், "இதை மூடினால் ஊரே அமிழும்" என்று வாதாடித் திட்டத்தை நிறுத்த வைத்தார். பிறகு தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு, குடித்தனக்காரர்களையே இறக்கித் தூர் வாரினார். ஆண்டுக்கொரு முறை மதகை மூடி, தண்ணீரை வடியவிட்டு, அடியில் கிடப்பதை அள்ளுகிற பழைய வழக்கமும் அங்கே தொடர்கிறது. கார்ட்டூன் படங்களில் பெரிய ஆளான மியாசாகி பணம் போட, அவர் கூட்டாளி தகாஹாதா 1987-இல் இந்த வாய்க்கால் கதையை ஏறக்குறைய மூன்று மணி நேர ஆவணப்படமாகவே எடுத்துவிட்டார். சாக்கடை வாரியதற்கு மூன்று மணி நேரப் படம்! நம்மூரில் தூர் வாரினால் மூன்று நிமிடம் போட்டோ எடுப்பார்கள், அதில் மண்வெட்டி கறை படாமல் இருக்கும்.

சம்பளம் வாங்குகிற ஒருவர் உத்தரவை நிறைவேற்றாமல் இருந்து ஊரைக் காப்பாற்றினார் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. நம் பக்கம் உத்தரவை நிறைவேற்றாதவர்கள் எண்ணிக்கைக்குக் குறைவே இல்லை. எந்த உத்தரவு என்று பார்த்து நிறைவேற்றாமல் இருக்கிற திறமைதான் போதவில்லை.

எங்கள் பக்கத்து மழையெல்லாம் ஓட்டேரி நல்லா என்கிற ஓடை வழியாகத்தான் இறங்க வேண்டும். பாடி, வில்லிவாக்கம், அயனாவரம் என்று ஊர் ஊராகத் தண்ணீரை வாங்கிக்கொண்டு வந்து, அது பேசின் பிரிட்ஜ் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்கிறது. கால்வாய் நிரம்பியிருந்தால் நல்லா எங்கே போகும்? எங்கள் சமையலறைக்கு வரும். ஒவ்வொரு வருஷமும் புரட்டாசியில் பொக்லைன் வருகிறது. அடியிலிருந்து கறுப்புச் சேற்றை அள்ளுகிறது. அள்ளியதைக் கரையிலேயே குவிக்கிறது. முதல் மழைக்கு அது வந்த வழியே இறங்கி, பழைய இடத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது. மறு வருஷம் அதே சேற்றுக்கு மறுபடியும் பொக்லைன். சில சேறுகளை எனக்கு முகம் பார்த்தே அடையாளம் தெரியும்.

ஆகவே சம்பந்தப்பட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரஜாய் போர்த்திய படகு வேண்டாம், பாட்டு வேண்டாம், விலாங்கு மீனும் வேண்டாம். இந்த ஐப்பசிக்குள் அள்ளுகிற சேற்றை அன்றைக்கே லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடுங்கள்.