சாரலும் செமஸ்டரும்

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்கும் நாள் ஜூன் 1 என்பது வானிலைத் துறையின் கணக்கு. எம்.ஏ. நான்காம் செமஸ்டர் தேர்வை ஏப்ரல், மே மாதங்களில் முடித்துவிட வேண்டும் என்பது கல்வித் துறையின் கணக்கு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. அதனால்தான் தென்காசி வட்டாரத்தில் முதுகலை சேரும் வகுப்புகள், ‘கடைசி நாள் எல்லாரும் ஒண்ணா குற்றாலத்துல குளிக்கணும்’ என்று முதல் மாதமே சபதம் எடுத்துவிட்டு, கடைசி நாளில் காய்ந்த பாறைக்கு முன்னால் தோளில் துண்டோடு போய் நிற்கின்றன.

அப்படி நின்ற ஓர் எம்.ஏ. தமிழ் வகுப்பைப் பற்றியது இது. கல்லூரியின் பெயர் வேண்டாம். சொன்னால் பழைய வருகைப்பதிவேட்டைப் பரணிலிருந்து இறக்கிப் பார்க்க இன்னும் ஆள் இருக்கிறது. குற்றாலத்தில் 1964 முதல் பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. சுரண்டையில் அரசுக் கல்லூரி இருக்கிறது. நெல்லைக்குப் போகிற வழியில் அபிஷேகப்பட்டியில், 1990-ல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமே இருக்கிறது. வாசகர் தமக்குப் பிடித்த வளாகத்தில் இந்த வகுப்பை உட்கார வைத்துக்கொள்ளலாம். பையன்கள் மூன்று பேர் இருந்ததால் முதல் இடத்தை மட்டும் அடித்துவிடவும். இதை எழுதுகிறவர் அந்த மூவரில் ஒருவர். எவர் என்பது தெரியாதபடி எழுதவே முயற்சி நடக்கிறது.

இளங்கலையில் பட்டப்பெயர் வைப்பார்கள். முதுகலைக்கு வந்தவர்களுக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது, ஊர்ப் பெயரே போதும். ‘ஏட்டி கடையம்’, ‘ஏல செங்கோட்டை’, ‘ஆலங்குளம் இன்னைக்கு லீவா?’ என்றுதான் இரண்டு வருடமும் ஓடியது. வகுப்பில் ஒருவருக்கு மட்டும் ஊர் கிடையாது. அவர் ‘அக்கா’. கல்யாணமாகி, மகள் இரண்டாம் வகுப்புக்குப் போன பிறகு, விட்ட படிப்பைப் பிடிக்க வந்தவர். பாடம் எடுத்தவர்களில் இரண்டு பேருக்கு அவர் மூத்தவர். அவர் சந்தேகம் கேட்க எழுந்தால் அந்த இருவரும் தாங்களே எழுந்து நிற்பதுபோலச் சற்று அசைவார்கள்.

ஊர்ப் பெயரால் அழைப்பதில் உள்ள ஆபத்து, பாரதியார் தாள் வந்தபோது தெரிந்தது. எட்டயபுரத்திலிருந்து ஒரு பெண். கடையத்திலிருந்து ஒரு பெண். பாரதி 1882-ல் பிறந்தது எட்டயபுரத்தில். அவர் மனைவி செல்லம்மாவின் ஊர் கடையம். 1918 கடைசியில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்து, கைதாகி, விடுதலையானதும் பாரதி போய்ச் சேர்ந்த இடம் மாமனார் ஊர்தான். 1920 வரை அங்கே இருந்தார்.

“எங்க ஊர் பிள்ளை” என்றது எட்டயபுரம்.

“பிள்ளைன்னா நீங்கல்லா வச்சுப் பாத்திருக்கணும்? ரெண்டு வருசம் சோறு போட்டது நாங்க. எங்க ஊர் மாப்பிள்ளை” என்றது கடையம்.

சண்டை முற்றிய நேரத்தில் செங்கோட்டைக்காரன் சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு, 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் தன் ஊர் என்று சொல்லிவைத்தான். கடையம் திரும்பிப் பார்த்து, “அவரு எந்தத் தாள்ல வாராரு? எத்தனை மார்க்கு?” என்று கேட்டது. பையன் அந்த செமஸ்டர் முழுக்க வாயைத் திறக்கவில்லை. பேராசிரியர் மட்டும் மெதுவாக, “பாரதி எழுதின கவிதையை இனி பார்க்கலாமா?” என்று கேட்டார்.

மேலகரத்துப் பெண்ணுக்கு இந்தத் தகராறே வேண்டியிருக்கவில்லை. திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூட ராசப்பக் கவிராயர் சந்தேகமில்லாமல் மேலகரம். அந்த நூலுக்காக நாயக்க மன்னர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். ஒரு சிற்றிலக்கியத்துக்கு நிலம் கிடைத்த காலம்! அதே சிற்றிலக்கியத்தை விளக்கிப் பன்னிரண்டு பக்கம் எழுதினவர்களுக்கு எழுபத்தைந்துக்கு நாற்பத்தொன்று கிடைத்தது.

குறவஞ்சியைக் குற்றாலத்திலேயே வைத்துப் படிப்போம் என்று ஒரு நாள் முடிவாயிற்று. நூலில் வரும் குரங்குகள் ஒன்றுக்கொன்று பழம் பரிமாறும் நாகரிகம் உள்ளவை. அருவிக்கரைக் குரங்குகளுக்குப் பாடத்திட்டம் போய்ச்சேரவில்லை. அக்காவின் எலுமிச்சைச் சாத டப்பாவை ஒன்று தூக்கிக்கொண்டு போய் மதில்மேல் உட்கார்ந்தது. டப்பாவின் நான்கு பக்கக் கிளிப்பையும் வரிசையாகத் திறந்தது. சாதத்தை ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, மூடியை மட்டும் வைத்துக்கொண்டு டப்பாவைத் திருப்பி எறிந்தது. “உப்பு கூடிட்டோ?” என்று அக்கா கவலைப்பட்டதை அந்த வகுப்பு இன்றுவரை மறக்கவில்லை.

ஆலங்குளத்துப் பெண் பேசவே மாட்டாள். இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. அவளும் சுற்றினாள். மடியில் தட்டு, எதிரே சுவரில் சாய்த்துவைத்த தொல்காப்பியம். இலையை வெட்டி, தூள் வைத்து, உருட்டி, நுனியை மடக்கி, நூல் சுற்றுவதற்குள் ஒரு நூற்பா முடிந்துவிட வேண்டும். வேற்றுமையியல் சின்னச் சின்ன நூற்பா என்பதால் வேலை ஓடும் என்றும், செய்யுளியல் வந்தால் கூலி குறைகிறது என்றும் அவள் சொன்னது இலக்கண உலகம் இதுவரை கவனிக்காத செய்தி. தேர்வில் முதலில் வந்தது அவள்தான். பீடித் தொழிலில் புழங்கும் சொற்களைத் திரட்டியே திட்டக் கட்டுரையும் எழுதினாள். மற்றவர்கள் சங்க இலக்கியத்தில் இதுவும் அதுவும் என்று எழுதிக்கொண்டிருந்தபோது, அந்த வகுப்பில் புதிதாக ஏதாவது கண்டுபிடித்தது அவள் ஒருத்திதான் என்பது இதை எழுதுகிறவரின் கருத்து.

பண விவகாரம் சுருக்கமானது. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு இளங்கலை முடியும்வரை புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வந்துகொண்டிருந்தது. எம்.ஏ. சேர்ந்ததும் நின்றது. அதோடு பிறந்தநாள் பப்ஸும் நின்றது.

கேன்டீன் வேப்பமரத்தைச் சுற்றி ஒரு வட்டத் திண்டு. ரசிகமணி டி.கே.சி.யின் வண்ணார்பேட்டை வீட்டில், நடுமுற்றத்து வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடிக் கம்பனைச் சுவைத்ததால் அந்தக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்று பெயர் வந்தது. பின்னாளில் அவர் குற்றாலத்திலேயே குடியேறினார். ராஜாஜியும் கல்கியும் அங்கே தேடி வந்தார்கள். வேப்பமரத்தடிக்கும் அதே பெயர் வைத்தாயிற்று. அங்கே கம்பன் பேசப்பட்டதாக நினைவில்லை. யாருக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், குரூப் 4 அறிவிப்பு எப்போது, பி.எட். இரண்டு வருடமாகிவிட்டதே என்பதுதான் மூன்று காண்டங்களும்.

தென்காசிக்காரனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜூன் பிறந்தால் அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுத் தொலைபேசியும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும்: “தண்ணி விழுதா?” ஆறு வருடமாகப் பேசாத பெரியப்பா மகன்கூட அன்று நலம் விசாரிப்பார். ‘விழுது’ என்று சொன்னால் வெள்ளிக்கிழமை ராத்திரி வேன் வந்து நிற்கும். அவனுடைய அம்மா, வருகிற எல்லாரிடமும் “சாப்பிட்டுட்டுப் போங்க” என்றுதான் சொல்வார். யாரும் போக மாட்டார்கள். சீசன் முழுக்க அவன் மொட்டைமாடியில் படுத்து, காய்ந்துகொண்டிருக்கும் பிறர் துண்டுகளுக்கு அடியில் நன்னூல் படித்தான். அவன் குற்றாலத்தில் குளித்தது, ஒன்று யாராவது உறவினர் செலவில், அல்லது இல்லை. உள்ளூர்க்காரர்கள் பலருக்கும் இதுதான் நிலை.

நான்காம் செமஸ்டர் என்பது உண்மையில் ஒரு டி.டி.பி. கடை. எம்.ஏ. தமிழ்த் திட்டக் கட்டுரையைப் பாமினி எழுத்துருவில் அடித்து, பாமினி இல்லாத கணினியில் திறந்தால், சிலப்பதிகாரம் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். அதைச் சரிசெய்யும் ஒரே அண்ணாச்சியின் கடையில், அது முகூர்த்த மாதம். கல்யாண அழைப்பிதழுக்கு முன்னுரிமை. அந்தக் குழப்பத்தில், ‘சங்க இலக்கியத்தில் விருந்தோம்பல்’ என்ற கட்டுரையின் மூன்றாம் இயல், ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று முடிந்து, கீழே இரு வீட்டார் பெயரோடு கறுப்பு ரெக்சின் அட்டைக்குள் போய்விட்டது. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்து, “சமகாலச் சான்றும் கொடுத்திருக்கிறீர்கள், நல்லது” என்றார்.

நன்றியுரைப் பக்கம் இன்னொரு களம். இறைவன், பெற்றோர், துறைத்தலைவர், நெறியாளர், நூலகர், தட்டச்சு செய்தவர் என்று இறங்கி, கடைசி வரியில்தான் வகுப்புத் தோழர்கள். அண்ணாச்சிக்கு அடுத்த இடம் என்பதில் எட்டயபுரத்துக்கு மனவருத்தம். தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு வழி காட்டியிருக்கிறான். பிற்காலத்தில் இந்தக் கோயிலைப் பழுதுபார்த்துக் காப்பவர் எவரோ, அவர் காலில் இப்போதே விழுகிறேன் என்று கல்வெட்டில் வெட்டிவைத்தான். இன்னும் உதவியே செய்யாதவர்களுக்கு முன்கூட்டியே நன்றி. இதை மேற்கோளாகக் கேட்டபோது அக்கா, “அப்ப இனிமே கடன் தரப்போறவங்க பேரையும் போட்டுருவோமா?” என்றார்.

அதே கோயில் வாசலில்தான் பிரிவுபசார நாள் படம். ஒன்பது நிலைக் கோபுரம் பின்னணியில் விழ வேண்டும் என்பது திட்டம். தென்காசிக் கோபுர வாசலின் காற்று ஊரறிந்தது: உள்ளே நுழைகிறவரை முதலில் எதிரே நின்று தள்ளும், நாலு எட்டு வைத்தால் முதுகுப் பக்கம் வந்து உள்ளே தள்ளும். அன்று பெண்கள் பாதிப் பேருக்கு முதல் சேலை. வரிசையாக நின்றார்கள். படம் எடுக்கும் நொடியில் காற்று வந்தது. படத்தில் கோபுரம் தெளிவாக இருக்கிறது. பதினாறு முந்தானைகள் தெளிவாக இருக்கின்றன. முகம் தெரிவது மூன்று பையன்களுக்கும், குறுக்கே போன பூக்காரம்மாவுக்கும். அந்தப் படத்தைத்தான் எல்லாரும் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

தேர்வு முடிந்த மறுநாள், சபதப்படி குற்றாலம். பேரருவி என்பது சுமார் அறுபது மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி, நடுவில் பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து வருகிற தண்ணீர். அன்று அது உயரமாக மட்டும் இருந்தது. பாறையில் ஓர் ஓரமாக நூல்போல ஈரம். அதன் கீழே தலையைக் காட்ட எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். ஐந்தருவிக்குப் போனால், ஐந்தில் எது எது என்று காட்டுவதற்கே கைடு வேண்டும். கடைசியில் சித்திர சபைக்குப் போனார்கள். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. இங்கே சிலை கிடையாது, அவர் ஓவியமாக ஆடுகிறார். “இவரு ஆட்டம் மட்டும்தான் சீசன் பாக்காம நடக்குது” என்றான் தென்காசிக்காரன். உலர்ந்த துண்டுகளோடு திரும்பினார்கள். அக்கா மட்டும் டப்பா மூடியைத் தேடி மதில் ஓரமாக ஒரு நடை போய்விட்டு வந்தார்.

1912-ல் அமெரிக்கக் கடற்படை அகாதமி மாணவர்கள் பட்டம் பெற்ற கையோடு தொப்பியை வானத்தில் எறிந்தார்களாம். அதைப் பார்த்து உலகமே எறிகிறது. இங்கே பட்டமளிப்பு விழா வந்து தொப்பி கைக்குக் கிடைப்பதற்குள் பாதிப் பெண்களுக்குக் கல்யாணம் முடிந்து, எறிந்தால் குழந்தை எடுத்துவரும் நிலை.

மதிப்பெண் பட்டியலும் டி.சி.யும் வாங்க ஜூலையில் எல்லாரும் திரும்ப வந்தார்கள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கடைவீதியில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்து கிடந்தன. சபதம் நிறைவேறப் போகிறது என்று பேரருவிக்கு ஓடினால், தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டுகிறது. போலீஸ் விசில். குளிக்கத் தடை. ஏப்ரலில் இல்லாததால் குளிக்கவில்லை, ஜூலையில் இருப்பதால் குளிக்கவில்லை.

நனைந்தபடியே பிரானூர் பார்டருக்குப் போய் ரொட்டி தின்றார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால்தான் அந்த இடத்துக்குப் பார்டர் என்றே பெயர் நிலைத்தது. “அப்படிப் பாத்தா நீ எங்களுக்கு வெளிநாடு. பில்லை நீதான் கொடுக்கணும்” என்று கடையம் தீர்ப்புச் சொன்னது. செங்கோட்டைக்காரன் கொடுத்தான். நாட்டுக்கோழி வறுவல் இரண்டாம் தட்டு வந்தபோது எட்டயபுரமும் கடையமும் பாரதியை எடுத்துவிட்டார்கள். பக்கத்து மேசையில் மதுரைக்காரர்கள் கை கழுவாமல் உட்கார்ந்து கேட்டார்கள்.

இப்போது ஆலங்குளம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அக்கா தனியார் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. செங்கோட்டைக்காரன் குரூப் 4 எழுதி கிராம நிர்வாக அலுவலராகி, குடிக்கிற தண்ணீருக்கே லாரி எதிர்பார்க்கும் ஓர் ஊரில், இராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறான். ஆனாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தினமும் காலை ஆறரைக்கு வாட்ஸ்அப் குழுவில் அவனுடைய அறிக்கை வந்துவிடும்: ‘பேரருவி: மிதம். ஐந்தருவி: நல்லா விழுது. பழைய குற்றாலம்: கூட்டம்.’ அவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று விசாரித்ததில், செங்கோட்டையிலிருந்து அவன் அம்மா சொல்கிறாராம். அம்மாவுக்குச் சொல்வது ஐந்தருவிப் பக்கம் பழக்கடை வைத்திருக்கும் சித்தி. தென்காசிக்காரன் மட்டும் அந்தக் குழுவைச் சத்தமில்லாமல் வைத்திருக்கிறான். அறிக்கை வந்த அரைமணி நேரத்தில் பெரியப்பா மகன் அழைத்துவிடுகிறாராம், யார் சொல்லித் தெரிகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறான்.