கடைமடைக்கு வராத காசு

ஜூன் 12 அன்று மேட்டூரில் மதகு திறந்தால் கல்லணைக்குத் தண்ணீர் வரச் சில நாள். கடைமடைக்கு இன்னும் பல நாள். வங்கிக் காசும் காவிரிப் பாசனம்தான். தஞ்சாவூர் உரக்கடையில் கார்டைத் தேய்த்தேன். என் கணக்கில் மதகு திறந்து, எஸ்.எம்.எஸ்.ஸும் பாய்ந்தது. கடை மிஷினில் சொட்டு இல்லை.

"எனக்கு வரலையேண்ணே!"

"எனக்குப் போயிடுச்சே தம்பி!"

இரண்டும் உண்மை.

நடுவாய்க்காலில் நின்ற காசு, ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவுப்படி, ஐந்து நாளுக்குள் தானே திரும்ப வேண்டும். தவறினால் தினம் 100 ரூபாய் இழப்பீடு. தண்ணீருக்கும் இப்படியொரு தாமதக் கட்டணம் இருந்திருந்தால், டெல்டாக்காரன் நெல்லே போட்டிருக்க மாட்டான். வரப்பில் உட்கார்ந்து தாமதத்தையே அறுவடை செய்திருப்பான்.