தோசைக்கும் சட்னிக்கும் உள்ள ஒட்டுறவு: ஒரு முன்னோடி ஆய்வு

தோசைக்குச் சட்னியா, சட்னிக்குத் தோசையா என்ற வழக்கு நம் அடுக்களைகளில் நெடுங்காலமாகத் தீர்ப்பின்றிக் கிடக்கிறது. சட்னி மிஞ்சினால் இன்னொரு தோசை கேட்கிறோம். தோசை மிஞ்சினால் இன்னொரு கரண்டி சட்னி. இரண்டையும் ஒருசேர முடித்து எழுந்தவரை நான் கண்டதில்லை. பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள், சிதறல் விளக்கப்படம் போட வேண்டும், "ஏதாவது ரெண்டு கணக்குச் சொல்லுப்பா" என்று வந்து நின்றாள். வழக்கை அறிவியல் மன்றத்துக்குக் கொண்டுபோகத் துணிந்தேன்.

முன்னோர் வணக்கம் இல்லாமல் ஆய்வு சிறக்காது. இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன், 205 பெற்றோர் இணைகளையும் வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் உயரத்தில் ஒப்பிட்டு 1886-இல் கட்டுரை எழுதினார். நெட்டையான பெற்றோரின் பிள்ளைகளும் நெட்டைதான், ஆனால் சராசரியில் அவ்வளவு நெட்டையில்லை என்பது அவர் கண்டது. இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழுவுக்குச் சூத்திரத்தை 1896-இல் ஒழுங்குபடுத்தித் தந்தவர் கார்ல் பியர்சன். மாணவர்கள் இன்றுவரை திட்டுவது அவரைத்தான். சட்னி குறித்து இருவருமே மௌனம் சாதிக்கிறார்கள்.

ஆய்வுக்களம் எங்கள் வீட்டுக் கூடம். பாட்டி 1 தோசை, 2 கரண்டி சட்னி. மனைவி 2-க்கு 4. நான் 3-க்கு 5. மகள் 4-க்கு 4. மகன் 5-க்கு 5. (கரண்டியை எண்ணுவதை மனைவி பார்த்துவிட்டதால் என் நான்காவது தோசை அடுப்பிலேயே நின்றுபோனது. ஆய்வாளர்கள் படும் பாடு யாருக்குத் தெரிகிறது!)

வரைபடத்தாளில் தோசை கிடையாக, சட்னி நெடுக்காக ஐந்து புள்ளிகள் விழுந்தன. இடமிருந்து வலமாக ஏறுமுகம். சராசரி 3 தோசை, 4 கரண்டி. அவ்விரு சராசரிக்கும் கோடு கிழித்தால் தாள் நான்கு கட்டமாகப் பிரியும். இடப்பக்கக் கீழ்க்கட்டமும் வலப்பக்க மேல்கட்டமும் நேர் ஒட்டுறவுக்கு ஓட்டுப் போடுகின்றன. மற்ற இரண்டும் எதிர்க்கட்சி. பாட்டி தோசையில் 2, சட்னியில் 2 குறைவு; பெருக்கினால் 4. மகன் 2, 1 அதிகம், பெருக்கினால் 2. மீதி மூவரும் ஏதாவதொரு சராசரிக் கோட்டின் மேலேயே குந்தியிருப்பதால் எங்கள் பெருக்கல் பூச்சியம். நாங்கள் மூவரும் தின்ற ஒன்பது தோசையும் மேல்வரிக்குக் காலணா உதவவில்லை. ஆக மேலே 6. கீழே, விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகையான 10-ஐயும் 6-ஐயும் பெருக்கி வர்க்கமூலம். கெழு 0.77.

இது சாதாரண எண் அன்று. 2012-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ ஆய்விதழான 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்', 23 நாடுகளில் ஆள்வீதம் தின்னும் சாக்லேட்டுக்கும் நோபல் பரிசு எண்ணிக்கைக்கும் கெழு 0.791 என்று ஒரு கட்டுரை வெளியிட்டது. நம் தோசை அதற்கு ஒரு முழம்தான் பின்னால். சாக்லேட் வாங்கப் பணமுள்ள நாட்டில் ஆய்வகம் கட்டவும் பணம் இருக்கும் என்பதைக் கெழு கேட்டுக்கொள்ளாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைப் பார்த்தே நம்மவர்கள் இதைச் சொல்லிவிட்டார்கள். ஒரு காக்கையை மட்டும் வைத்துச் சொன்னதால் ஆய்விதழில் வரவில்லை.

அப்போதுதான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. என் மைத்துனர். அவர் சட்னியைத் தொடமாட்டார், மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய். பத்துத் தோசை, சட்னி பூச்சியம். ஐந்து புள்ளிகளும் ஓர் ஓரமாக ஒண்டிக்கொள்ள, ஆறாவது தாளின் வலது மூலையில் தரையோடு தரையாகக் கிடந்தது. மகள் மறுபடி கணக்குப் போட்டாள். கெழு மைனஸ் 0.55. அதாவது, தோசை கூடக் கூடச் சட்னி குறையுமாம்! ஐந்து பேர் கட்டிய கோட்டை ஒரே மனிதர் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார்.

"விலகி நிற்கிற புள்ளியை நீக்கிடலாமாப்பா?" என்றாள் மகள்.

"யாரை, என் தம்பியையா?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. புள்ளியியல் அத்துடன் நின்றது.

1973-இல் பிரான்சிஸ் அன்ஸ்கோம் இதே வம்பை அச்சில் காட்டியிருக்கிறார். பதினோரு புள்ளிகள் கொண்ட நான்கு படங்கள். நான்கிலும் கெழு ஏறக்குறைய 0.816. படம் போட்டால் ஒன்று சாய்கோடு, ஒன்று வளைவு, மற்ற இரண்டிலும் தலா ஒரு மைத்துனர். கெழுவுக்கு நேர்கோடு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். சாம்பாரில் உப்பு இல்லாவிட்டாலும் வாயில் வைக்க முடியாது, கரித்தாலும் முடியாது, நடுவில்தான் ருசி. இதைச் சீரான குன்றாக வரைந்தால் கெழு பூச்சியம் வரும். அதைப் படித்துவிட்டு உப்புக்கும் ருசிக்கும் உறவில்லை என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை, இரவுச் சாப்பாடும் இதே வீட்டில்தான்.

மகள் இரண்டு கெழுவையும் எழுதி, படத்தில் மாமாவைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறாள். தாளில் இப்போது ஏழு புள்ளிகள் இருக்கின்றன. ஏழாவது தேங்காய்ச் சட்னி. வாசகர்கள் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.