நிபந்தனை நீக்கப்பட்டது

கணினி வேலைகளை வரிசையாக ஓட்டும் ஆட்டோசிஸ் போன்ற மென்பொருள்களில், அந்த வேலைகளுக்கு நிபந்தனை போடலாம்: முந்தையது வெற்றியாக முடிந்தால்தான் அடுத்தது கிளம்பும். முந்தையது மக்கர் பண்ணினால்? அதை ஓட்டும் நம்மவர் நிபந்தனையையே கழற்றிவிடுவார். அதற்கும் பொறுமையில்லாதவருக்கு ‘ஃபோர்ஸ் ஸ்டார்ட் ஜாப்’ என்ற கட்டளை இருக்கிறது. எது முடிந்தது, எது முடியவில்லை என்றெல்லாம் அது கேட்காது. திரை பச்சையாகிவிடும். வராத கோப்பை வைத்து வங்கி வட்டி போட்டிருப்பதைக் காலையில் வாடிக்கையாளர்தான் கண்டுபிடிப்பார்.

சங்கரன்கோவில் விசைத்தறிக்காரரிடம் இந்தத் தந்திரம் செல்லாது. பாவு ஏற்றாமல் சுவிட்சைத் தட்டினால் தறி ஓடும், சத்தமும் வரும். சேலை மட்டும் வராது. அதே ஊரில் ஆடித்தபசு அன்று, கோமதி அம்மனே தவமிருந்த பிறகுதான் சங்கரநாராயணர் காட்சி தருகிறார். அந்த நிபந்தனையை நீக்கச் சொல்லி யாரும் இதுவரை டிக்கெட் போடவில்லை.

நீக்கவே கூடாதா? தாராளமாக நீக்கலாம். எப்போதோ அழித்துவிட்ட வேலைக்காக இன்னொன்று இன்னமும் காத்துக் கிடப்பதும் உண்டு. ஆனால் கழற்றுமுன், அதை எதற்காகப் போட்டார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். போட்டவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். போன் போட்டாவது கேளுங்கள்.